பொங்கலுக்கு வேண்டாம், மாசியில் கூடுங்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எனக்குச் சொந்த ஊர். கூட்டுறவுத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, இப்போது தஞ்சாவூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் 1981ல் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் சேர்ந்து சில வருஷங்களுக்கு முன் வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தோம். தொடக்கத்தில் ராத்திரி பன்னிரண்டு மணிவரை பேச்சு ஓயாது. இப்போது காலை வணக்கம், சாமி படம், மூலிகை வைத்தியம், அவ்வளவுதான். தேர்தல் சமயத்தில் இரண்டு பேர் மோதிக்கொண்டு வெளியேறினார்கள். ஒருவன் பலரிடம் தனித்தனியாகக் கடன் கேட்டிருக்கிறான். அதை யாரோ குரூப்பில் போட்டு உடைக்க, அவனும் போய்விட்டான். போன மாதம் ஒருவன் இறந்தான். வரிசையாகக் கும்பிடு போட்ட கைகள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, ஒருத்தன் பிரியாணி வீடியோ போடுகிறான். எனக்கு மனசே விட்டுப்போச்சு. வரும் பொங்கலுக்குத் தஞ்சாவூரில் ஹால் பிடித்து கெட் டுகெதர் வைக்கிறார்களாம். ஆளுக்கு இரண்டாயிரம், எல்லாருக்கும் ஒரே மாதிரி பனியன். போவதா, இல்லை குரூப்பை விட்டே விலகிவிடுவதா? இத்தனை காலம் கழித்து எங்களுக்குள் உண்மையில் என்ன மிச்சம் இருக்கிறது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

விலக வேண்டாம். காலை வணக்கம் தொந்தரவாக இருந்தால் குரூப்பை மியூட்டில் போட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். அரசியல் சண்டையும் தானாக ஆறிவிடும்.

உங்கள் குரூப் வற்றிப்போனதற்கு ஃபார்வர்டு காரணமில்லை என்று நினைக்கிறேன். அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டே வாருங்கள். வாத்தியார் வேலை பார்த்தவர், பேங்க்கில் இருந்தவர், சிங்கப்பூர் போனவர், சென்னையில் கடை வைத்தவர், உங்களைப் போல அரசாங்கச் சம்பளம் வாங்கியவர். ஏறக்குறைய எல்லாருமே பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து, கடனை அடைத்து, ஓய்ந்து உட்கார்ந்தவர்கள். ஒருத்தருக்கு இன்னொருத்தரால் ஆகவேண்டிய காரியம் ஒன்றும் இல்லை. பழைய கதை ஆறு மாதம் தாங்கும். அதற்குமேல் பேச என்ன இருக்கும்?

இப்போது இன்னொன்றை யோசியுங்கள். ஆறாம் வகுப்பில் உங்களோடு உட்கார்ந்தவர்களில் எத்தனை பேர் பத்தாவது பரீட்சை எழுதினார்கள்? சத்துணவு 1982ல்தான் வந்தது. பத்து வயதுக்கு மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்கு அது விரிந்தது 1984ல். உங்கள் செட்டு படித்து முடிக்கும்வரை உயர்நிலைப் பள்ளியில் சத்துணவு இல்லை. மணியடித்ததும் கஞ்சி குடிக்க வீட்டுக்கு ஓடிய பையன் சாயங்காலப் பாடத்துக்குத் திரும்பி வராத நாட்கள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நடவு, அறுப்பு என்று வந்தால் வாரக்கணக்கில் ஆளைப் பார்க்க முடியாது. கடைசியில் ஒரு நாள் அட்டெண்டன்ஸில் பெயரை அடித்துவிடுவார்கள். பெண் பிள்ளைகள் பலர் பெரியமனுஷி ஆனதோடு நின்றார்கள். குடியானத் தெருவும் அக்கிரகாரமும் சேரியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது நம் ஊர்களில் அந்த ஒரு கட்டடத்தில்தான். கோயிலில் அது நடக்கவில்லை, டீக்கடையிலும் நடக்கவில்லை. கீழ்வெண்மணியில் சேரியைச் சேர்ந்த விவசாயக் கூலிக் குடும்பத்தினர் 44 பேர் குடிசைக்குள் எரிந்துபோனது 1968 டிசம்பரில். நீங்கள் பத்தாவது எழுதும்போது அதற்குப் பதின்மூன்று வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அப்படிப்பட்ட மண்ணில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தது சாதாரண விஷயமா? அந்த பெஞ்சில் பாதி இன்று உங்கள் குரூப்பில் இல்லை. பரீட்சை எழுதியவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு குரூப் கட்டினால் இப்படித்தான் ஆகும்.

எங்கள் பள்ளிக்கூடத்துக் குரூப்பும் அப்படித்தான் கிடந்தது. நாங்கள் பழைய பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. செட்டு, உங்களுக்கு மூத்தவர்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகைக்கும் நடுவே கரையேறியது. தென்னையெல்லாம் சாய்ந்து, மின்கம்பங்கள் விழுந்து, பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லையென்றால் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது. சென்னையிலிருந்த ஒருவர் ஒரு வார்த்தை கேட்டார்: “ஊர்ல இப்ப யாருடா இருக்கா?” எங்களுக்குப் பதில் தெரியவில்லை. ஊரில் இருந்தவர்கள் யாரும் குரூப்பில் இல்லை.

விசாரித்ததில், எட்டாவதோடு நின்றுபோன ஒருவர் ஊரில் டிராக்டர் ஓட்டுகிறார் என்று தெரிந்தது. அவர் நம்பரைப் பிடித்தோம். டீசல் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து டிரெய்லரில் ஏற்றி, தெருத்தெருவாகப் போய்த் தொட்டியில் தண்ணீர் ஏற்றியவர் அவர்தான். நாங்கள் பணம் அனுப்பினோம், தார்ப்பாய் அனுப்பினோம், மெழுகுவர்த்தி அனுப்பினோம். எந்தத் தெருவுக்கு எத்தனை என்று அவர் சொன்னார். முதல் லோடு சேரிக்கு என்று முடிவு செய்ததும் அவர்தான். அங்கே குடிசை ஒன்றுகூட நிற்கவில்லை என்பது அவருக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. அன்றிலிருந்து எங்கள் குரூப்புக்கு வேலை இருக்கிறது. தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜில் யாரையாவது சேர்த்தால் துணைக்கு இருக்க யார் போவது, யார் மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும், யாருக்குப் பென்ஷன் மனு எழுதிக்கொடுக்க வேண்டும் என்று நாள் போகிறது. காலை வணக்கமும் வருகிறது. யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

கடன் கேட்டவர் விஷயம் எனக்கு மனசைப் பிசைந்தது. குரூப்பில் போட்டு உடைத்தவர் செய்தது தப்பு. அறுபது வயதில் கூடப்படித்தவனிடம் கை நீட்டுகிற ஆள் எத்தனை பேரிடம் கேட்டுப்பார்த்து ஓய்ந்திருப்பார்! கொடுக்க முடிந்தால் திரும்பி வராது என்று நினைத்துக் கொடுங்கள். முடியாவிட்டால் போனில் அவரிடமே சொல்லுங்கள். ஊர் நடுவில் வைத்துப் பேசக் கூடாது. நீங்கள் ஒருவராவது அவரை ஒரு தடவை வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இறந்துபோன நண்பரின் வீட்டுக்கு யாராவது போனீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. எங்கள் வகுப்புக்காரர் ஒருவரின் பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் போயிருந்தேன். பஸ் கண்டக்டராக இருந்தவர், வீட்டில் ரொம்பக் கண்டிப்பு. சாப்பிட்டுக் கை கழுவும்போது அவருடைய மகள் பக்கத்தில் வந்து, “அப்பா ஸ்கூல்ல எப்படி சார் இருப்பாங்க?” என்று கேட்டது. எங்கள் பள்ளியில் மணி என்பது வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. அதை அடிக்கிற பொறுப்பு அவரிடம் இருந்தது. சந்தை நாளில் ஐந்து நிமிஷம் முன்னாடியே அடித்துவிடுவார், அம்மாவோடு சந்தைக்குப் போய்க் கூடை தூக்க வேண்டும் என்பதற்காக. ஹெட்மாஸ்டருக்குத் தெரியும், கண்டுகொள்ள மாட்டார். இதைச் சொன்னதும் அந்தப் பெண் தம்பியைக் கூப்பிட்டு, “இன்னொரு தடவை சொல்லுங்க சார்” என்று போனில் பதிவு செய்துகொண்டது. அந்த வீட்டில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. அவருடைய அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அதைச் சொல்லக்கூடிய ஆட்கள் இனி நாங்கள் சிலர்தான். என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்டீர்களே, இது இருக்கிறது. உங்கள் நண்பரின் வீட்டிலும் யாரோ இதைக் கேட்கக் காத்திருக்கலாம். நாள் தள்ளிப்போனாலும் பரவாயில்லை, போங்கள்.

இனி அந்த கெட் டுகெதர். பொங்கல் என்பது சென்னைக்காரர்களுக்கு லீவு. ஊரில் சம்பா அறுப்பு நேரம். மெஷினுக்குச் சொல்லிவைத்துவிட்டு வரப்பில் நிற்பார்கள், நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு மழைக்குப் பயந்துகொண்டு காவல் இருப்பார்கள். அவர்கள் எப்படி வருவார்கள்? மாசியில் வையுங்கள். தஞ்சாவூர் ஹால் வேண்டாம், உங்கள் பள்ளியிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாயிரம் கட்ட முடியாதவர் அதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் வராமல் இருப்பார். கொடுக்க முடிந்தவர்கள் கூடுதலாகப் போட்டு, வசூல் என்ற பேச்சே எழாமல் சாம்பார், ரசம், பாயசத்தோடு ஒரு சாப்பாடு போட்டால் போதும். பனியனை விட்டுவிடுங்கள்.

அதற்கு முன்னால் தலைமையாசிரியரைப் பார்த்து, நீங்கள் ஆறாம் வகுப்பில் சேர்ந்த 1976ம் வருஷத்துச் சேர்க்கைப் பதிவேடு இருக்கிறதா என்று கேளுங்கள். அப்பா பெயர், ஊர், பிறந்த தேதி எல்லாம் அதில் இருக்கும். அப்போது இது முழுக்கத் தஞ்சாவூர் மாவட்டம். நாகப்பட்டினம் 1991லும் திருவாரூர் 1997லும் பிரிந்தன, முகவரியைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஆண்களை டீக்கடையில் விசாரித்தாலே பாதி கிடைத்துவிடும். பெண்களைத் தேடுவதுதான் சிரமம். கல்யாணத்தோடு ஊர் மாறி, இனிஷியல் மாறி, போன் மகன் பெயரில் இருக்கும். அண்ணன் தம்பி வீட்டில் கேளுங்கள். ஊர்த் தீமிதிக்குப் பிறந்த வீட்டுக்கு வந்தே தீருவார்கள். ஆனால் நீங்கள் நாலு ஆண்கள் போய் நின்றால் அந்த வீட்டில் சங்கடப்படுவார்கள். உங்கள் குரூப்பில் இருக்கிற பெண்களில் ஒருவரை முன்னால் விடுங்கள், அல்லது உங்கள் மனைவியை அழைத்துக்கொண்டு போங்கள்.

வெளியேறிய அந்த மூன்று பேரையும் நீங்களே நேரில் போய்க் கூப்பிடுங்கள். கூட்டம் முடிந்ததும் எழுதுங்கள். பதிவேட்டிலிருந்து யார் யார் கிடைத்தார்கள், இப்போது என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது.

அன்புடன்.