டிகிரி முடியப்போகுது, அடுத்து என்ன?

கேள்வி: நான் கரூர் பக்கத்துல ஒரு கிராமம். அரசு கல்லூரில பி.காம் மூணாவது வருஷம், ஏப்ரல்ல கடைசி செமஸ்டர். அப்பா ஒரு பெட்ஷீட் எக்ஸ்போர்ட் கம்பெனில டெய்லர், எங்க வீட்ல முதல் டிகிரி நான்தான். ப்ளேஸ்மென்ட்னு வந்தது ஒரு கால் சென்டரும், கிரெடிட் கார்டு விக்கிற வேலையும்தான். மாமா டிஎன்பிஎஸ்சி கோச்சிங்ல சேருங்கிறார், ஃப்ரெண்ட்ஸ் எம்பிஏ பண்ணலாங்கிறாங்க, வெளியூர் அனுப்ப வீட்ல யோசிக்கிறாங்க. எனக்கு எதுல ஆர்வம்னே தெரியல. ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது. என்ன பண்ணட்டும்?
- பெயர் வேண்டாம், கரூர் மாவட்டம்

பதில்: முதல்ல நல்லா தூங்குமா. எதுல ஆர்வம்னு தெரியலங்கிறது உன் குறை இல்ல. மூணு வருஷமா டெபிட், கிரெடிட்ட நோட்டுல மட்டும்தான் பாத்திருக்க, ஒரு ஆபீஸுக்குள்ள அது எப்படி ஓடுதுன்னு பாக்கறதுக்கு உனக்கு யாரும் வழி பண்ணல, அப்புறம் ஆர்வம் எங்கேருந்து வரும்? வீட்ல உக்காந்து யோசிச்சு யோசிச்சு இது கிடைக்காது. ஏதாவது ஒரு வேலைக்குள்ள போயி ஆறு மாசம் கை வச்சு செஞ்சாதான் இது நமக்கு ஒத்துவருது, இது வரலன்னு தெரியும். அதனால "என் ஆர்வம் என்ன"ங்கிற கேள்விய கொஞ்ச நாள் தள்ளி வச்சிட்டு, "எந்த முதல் வேலைல நான் நிறைய கத்துக்குவேன்"னு கேளு. அதுக்கு பதில் உன் ஊருலயே இருக்கு.

கரூர்ல ஆடிட்டர் ஆபீஸுக்கும் ஜிஎஸ்டி பிராக்டீஷனர் ஆபீஸுக்கும் பஞ்சமே இல்ல. அங்க ஒரு மாசம் எப்படி போகும்னு சொல்றேன் கேளு. 7ம் தேதிக்குள்ள டிடிஎஸ், அதாவது பணம் குடுக்கும்போதே பிடிச்சு வச்ச வரிய கட்டணும், 11ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, அதாவது வித்த பில்லோட ஜிஎஸ்டி கணக்கு, 15ம் தேதி தொழிலாளிங்களோட பிஎஃப், இஎஸ்ஐ, 20ம் தேதி 3பி, அதாவது மாசத்து ஜிஎஸ்டி வரிய கட்டற ரிட்டர்ன். நடுவுல 14ம் தேதி 2பி வரும், அதாவது நம்ம கிளையன்ட்டுக்கு சரக்கு வித்தவங்க எந்தெந்த பில்ல கணக்குல காட்டியிருக்காங்கங்கிற ஸ்டேட்மென்ட். அத நம்ம பர்ச்சேஸ் ரிஜிஸ்டரோட ஒவ்வொரு பில்லா டிக் அடிச்சு பாக்கணும். ஒரு நூல் கம்பெனி ரெண்டு பில்ல விட்டுட்டான்னு வச்சுக்கோ, அவனுக்கு போன் போட்டு "சார் இந்த பில் ஏத்தலயே"ன்னு கேட்டு வாங்கணும், இல்லன்னா நம்ம கிளையன்ட்டுக்கு அந்த வரி இன்புட்டா கிடைக்காது, அதாவது அவர் கட்டவேண்டிய வரில அத கழிச்சுக்க முடியாது, கைக்காசு போயிடும். கல்லூரில ஜிஎஸ்டி பேப்பர்ல நீ எழுதின இன்புட் டாக்ஸ் கிரெடிட் இதுதான், ஆனா இங்க அது ஒரு மனுஷனோட பணம். இத ஒரு வருஷம் செஞ்ச பொண்ண எந்த ஊர் கம்பெனியும் அக்கவுண்ட்ஸுக்கு எடுத்துக்கும். சம்பளம் ஆரம்பத்துல குறைச்சலாத்தான் இருக்கும், அத மறைக்க விரும்பல. ஆனா கால் சென்டர்ல ஒரு ரெண்டாயிரம் மூவாயிரம் கூட கிடைக்குதேன்னு போனா ரெண்டு வருஷம் கழிச்சு உன் பி.காமுக்கும் உனக்கும் சம்பந்தமே இல்லாம போயிடும்ங்கிறதுதான் என் கவலை.

இன்னொண்ணு, இத உன்கிட்ட யாருமே சொல்லலங்கிறது எனக்கு ஆச்சரியமா இருக்கு. அப்பா தைக்கிற பெட்ஷீட் வெளிநாடு போகணும்னா சும்மா போகாது, அதே கம்பெனி ஆபீஸ்ல டாகுமென்டேஷன்னு ஒரு டேபிள் இருக்கும். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கஸ்டம்ஸுக்கு குடுக்கிற ஷிப்பிங் பில், கப்பல் கம்பெனி தர்ற பில் ஆஃப் லேடிங் எல்லாம் அங்கதான் பாப்பாங்க. இன்வாய்ஸ்ல கார்ட்டன் எண்ணிக்கை ஒண்ணு, பேக்கிங் லிஸ்ட்ல வேற ஒண்ணுன்னு இருந்தா, எல்சில, அதாவது வாங்கறவரோட பேங்க் குடுக்கிற உத்தரவாதத்துல, பணம் வரவேண்டிய சரக்குக்கு பேங்க் டிஸ்க்ரிபன்சி, அதாவது பேப்பர்ல முரண்பாடுன்னு போட்டு பணத்த நிறுத்தி வச்சிடும். அந்த அளவு கவனமா பாக்கிற ஆள் எல்லா எக்ஸ்போர்ட்டருக்கும் தேவைப்படுது, கரூரோ ஹோம் டெக்ஸ்டைல் எக்ஸ்போர்ட்டுக்கே பேர் போன ஊர். அப்பாகிட்ட சொல்லி மேனேஜர்கிட்ட ஒரு வார்த்த கேக்க சொல்லு. வேலைன்னு கேக்க வேண்டாம், பரீட்சை முடிஞ்சதும் ஒரு மாசம் ஆபீஸ்ல வந்து கத்துக்கட்டுமான்னு கேட்டா போதும். அப்பாவுக்கு கூச்சமா இருக்கலாம், பரவால்ல, நீயே ஒரு லெட்டர் எழுதி மார்க் ஷீட் ஜெராக்ஸோட குடுத்து விடு. டெய்லரோட பொண்ணுங்கிறதுல எந்த குறையும் இல்லமா, அந்த பெட்ஷீட் எப்படி தைக்கிறாங்கன்னு தெரிஞ்சவ நீ, அந்த ஆபீஸ்ல பாதி பேருக்கு அது தெரியாது.

இப்ப மாமா சொன்ன விஷயம். கவர்மென்ட் வேலைய நான் குறைச்சு பேசமாட்டேன், கிராமத்துலேர்ந்து வர்ற ஒரு பொண்ணுக்கு அது குடுக்கிற பாதுகாப்பு பெருசு. ஆனா கணக்க பாரு. 2024 ஜூன் 9ம் தேதி நடந்த டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்கு முதல்ல அறிவிச்சது 6,244 இடம், அப்புறம் கொஞ்சம் ஏத்தினாங்க, அப்ளை பண்ணவங்க 20 லட்சம் பேருக்கு மேல. அதனால எல்லாத்தையும் விட்டுட்டு கடன் வாங்கி கோச்சிங்ல உக்காராத. வேலைக்கு போய்க்கிட்டே படி. குரூப் 4ல 200 கேள்வி, அதுல 100 தமிழ், அந்த 100 கேள்விக்கு 150 மார்க், அதுல 60 வாங்கலன்னா மீதி பேப்பர திருத்தவே மாட்டாங்க, அப்ப தமிழுக்கு ஸ்கூல் புக்கையே எடுத்து வச்சு தினம் ஒரு மணி நேரம் படிச்சாலே பாதி வேல முடிஞ்சுது. மாவட்ட வேலைவாய்ப்பு ஆபீஸ்ல தன்னார்வ பயிலும் வட்டம்னு இருக்கு, அங்க கோச்சிங் இலவசமா நடத்துறாங்க, நேர்ல போய் எப்ப பேட்ச்னு கேளு. அங்கயே தனியார் வேலைவாய்ப்பு முகாமும் நடத்துவாங்க, அதுக்கும் போ, வேல கிடைக்கலன்னாலும் நாலு பேர்கிட்ட உக்காந்து பேசின பழக்கம் வரும். ரெண்டு வருஷம்னு ஒரு எல்லை போட்டுக்கோ, ரெண்டாவது வருஷம் கட் ஆஃப் பக்கத்துல கூட வரலன்னா அப்ப யோசிச்சு முடிவு பண்ணு.

எம்பிஏ இப்ப வேண்டாம். வேலையே பாக்காம எம்பிஏ போனா ரெண்டு வருஷமும் ஃபீஸும்தான் போகும், அதுவும் ஏதோ ஒரு காலேஜ்ல. கணக்கு வேலை பிடிச்சுப்போச்சுன்னா அதவிட நல்ல வழி இருக்கு. பி.காம்ல 55 சதவீதம் இருந்தா சிஏ ஃபவுண்டேஷன் எழுதாம நேரா இன்டர்மீடியட்ல சேரலாம், சிஎம்ஏங்கிற காஸ்ட் அக்கவுண்டன்ட் படிப்புலயும் டிகிரிக்காரங்களுக்கு ஃபவுண்டேஷன் கிடையாது. சிஏல ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஆடிட்டர்கிட்ட இருந்து எடுக்கிற பயிற்சி, இப்ப ரெண்டு வருஷம்தான், ஸ்டைபண்டும் உண்டு. கஷ்டமான படிப்புதான், ஆனா ஆடிட்டர் ஆபீஸ்ல ஆறு மாசம் இருந்து பாத்துட்டு முடிவெடுத்தா கண்ண கட்டிக்கிட்டு குதிச்ச மாதிரி இருக்காது.

இந்த மாசம் செய்யவேண்டியது: தமிழ்நாடு அரசோட நான் முதல்வன் திட்டத்துல உங்க காலேஜுக்கு குடுத்த கோர்ஸ் பாக்கி இருந்தா முடிச்சு சர்டிபிகேட் வாங்கிடு, எக்ஸல்ல வி-லுக்அப்பும் பிவட் டேபிளும் கத்துக்கோ, கணக்கு எழுதற டேலி சாஃப்ட்வேர யாராவது வச்சிருந்தா தொட்டு பாரு. அரியர் இருந்தா மத்த எல்லாத்தையும் நிறுத்திட்டு அத கிளியர் பண்ணு.

கேள்வி: நான் மெக்கானிக்கல் கடைசி வருஷம். சென்னைல ஒரு கன்சல்டன்சி பெரிய கம்பெனில வேலைன்னு சொல்லி 50,000 ரூபா டெபாசிட்டும் ஒரிஜினல் சர்டிபிகேட்டும் கேக்கறாங்க. அம்மா நகைய அடகு வைக்க ரெடியா இருக்காங்க. கட்டலாமா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: கட்டாதீங்க தம்பி. ஒரு ரூபா கூட கட்டாதீங்க. ஆளு தேவைப்படற கம்பெனிதான் சம்பளம் குடுக்கும், வேலைக்கு வர்றவன்கிட்ட பணம் வாங்காது. அவங்க சொல்ற கம்பெனியோட சொந்த வெப்சைட்ல கெரியர்ஸ் பக்கத்துல அந்த வேல இருக்கான்னு பாருங்க, ஆஃபர் லெட்டர் வந்த மெயில் ஜிமெயில்ல இருந்தா அங்கயே முடிஞ்சுது கதை. ஒரிஜினல் சர்டிபிகேட்ட காட்டலாம், அவங்க சரிபாத்துட்டு அப்பவே திருப்பி தரணும், வச்சுக்கிறேன்னா எழுந்து வந்துடுங்க. ஏற்கனவே ஆன்லைன்ல ஏதாவது அனுப்பியிருந்தா உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930க்கு போன் பண்ணுங்க, எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அவ்வளவு நல்லது. வேலைக்கு, டிகிரி முடிச்சவங்களுக்கான ஒரு வருஷ அப்ரண்டிஸ் பயிற்சி மத்திய அரசோட நாட்ஸ் போர்ட்டல்ல இருக்கு, தென் மாநிலங்களுக்கு ஆபீஸ் சென்னை தரமணில. பதிவு இலவசம், ஸ்டைபண்டும் வரும், நல்ல தொழிற்சாலைகளும் அதுல ஆள் எடுக்குது. அம்மா நகை பீரோலயே இருக்கட்டும்.

கேள்வி: பையன் பி.ஏ. தமிழ் கடைசி வருஷம். ஒண்ணாவதுலேர்ந்து தமிழ் மீடியம்தான். சொந்தக்காரங்க எல்லாம் இத படிச்சு என்ன பண்ணுவான்னு கேக்கறாங்க, எனக்கும் பயமா இருக்கு.
- ஒரு விவசாயி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: ஐயா, பையன் முன்னாடி அந்த பேச்ச மட்டும் எடுக்காதீங்க, கடைசி செமஸ்டர் நேரத்துல அது மனச உடைச்சிடும். வாத்தியார் வேல பிடிக்கும்னா ரெண்டு வருஷம் பி.எட்., அப்புறம் டெட்ங்கிற ஆசிரியர் தகுதித் தேர்வுல ரெண்டாம் தாள், அதுக்கு மேல ஆசிரியர் தேர்வு வாரியம் (டிஆர்பி) நடத்துற தேர்வு, நேரம் பிடிக்கும் ஆனா வழி தெளிவானது. பிழை திருத்தறது, மொழிபெயர்ப்பு, வீடியோவுக்கு சப்டைட்டில் போடறதுன்னு வேற வேலைகளும் இருக்கு, அதுக்கு டைப்பிங்கும் ஓரளவு இங்கிலீஷும் அவசியம், இப்பவே ஆரம்பிக்க சொல்லுங்க. குரூப் 4ல தமிழ் பகுதி அவனுக்கு கைவந்தது. முக்கியமா ஒண்ணு, தமிழ் வழில படிச்சவங்களுக்கு அரசு வேலைல 20 சதவீத முன்னுரிமை இருக்கு, 2020ல கொண்டுவந்த திருத்தத்துக்கு அப்புறம் ஒண்ணாவதுலேர்ந்தே தமிழ் வழில படிச்சிருக்கணும், உங்க பையனுக்கு அது அப்படியே பொருந்துது. ஆனா படிச்ச ஒவ்வொரு ஸ்கூல்லயும் காலேஜ்லயும் அதுக்கான சான்றிதழ் வாங்கணும், நோட்டிபிகேஷன் வந்தப்புறம் ஓடினா ஹெட்மாஸ்டர் லீவுல இருப்பார், பழைய ரிஜிஸ்டர் கிடைக்காது. இந்த லீவுலயே ஆரம்பப் பள்ளிலேர்ந்து ஒவ்வொண்ணா வாங்கி ஒரு ஃபைல்ல போட்டு வச்சுடுங்க.