பார்ப்பவர் பெயர் இல்லாத வாக்கியம்

அன்புள்ள ஐயா,

ஓர் ஆய்வு நிறுவனத்தில் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவது என் வேலை. ஒரு சேவையைப் பயன்படுத்துகிறவர்கள் அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று தொகுத்துச் சொல்ல வேண்டும். சமீபத்தில் ஓர் அறிக்கையில் "தி நியூ டைமிங்ஸ் ஆர் சீன் ஆஸ் அன்ஃபேர்" என்று எழுதியிருந்தேன். மேலாளர் அதை அடித்துவிட்டு, "பாஸிவ் (செயப்பாட்டு வினை) வேண்டாம், பீப்பிள் சீ என்று தொடங்குங்கள்" என்றார். கணினியில் இருக்கும் இலக்கணத் திருத்தியும் இதே மாதிரி இடங்களில் கோடு போடுகிறது. மாற்றிப் பார்த்தேன், மனதுக்கு ஒப்பவில்லை. எந்த மக்கள் என்ற கேள்வி உடனே வருகிறது. பாஸிவில் எழுதுவது உண்மையிலேயே தவறா? "சீன் ஆஸ்", "சீன் டு பி" இரண்டும் ஒன்றுதானா? உடன் வேலை பார்ப்பவர் "இட் இஸ் சீம்டு" என்று எழுதுகிறார். அது தவறு என்று தெரிகிறது, ஏன் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

— ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. மேலாளர் சொன்ன திருத்தம் அதைவிட மோசமான வாக்கியத்தையே தந்திருக்கிறது. ஆனாலும் அவருக்கு ஏதோ உறுத்தியிருக்கிறது, அந்த உறுத்தலில் நியாயம் உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உங்கள் நண்பரின் "இஸ் சீம்டு". தமிழில் "எனக்குத் தெரிகிறது", "அவருக்குக் கேட்டது", "அவளுக்கு அப்படித் தோன்றியது" என்கிறோம். பார்ப்பவர் நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறார். தெரிகிற பொருள்தான் எழுவாய். ஓரத்தில் நிற்பவரை எடுத்துவிட்டால்கூட வாக்கியத்துக்கு ஒன்றும் ஆவதில்லை: "தூரத்தில் மலை தெரிகிறது." ஆங்கிலத்தில் "ஐ சீ", "ஷீ ஹியர்ஸ்" என்று பார்ப்பவரும் கேட்பவரும் எழுவாயாக முன்னே உட்கார்ந்துகொள்கிறார்கள். அவர்களை அங்கிருந்து எழுப்ப வேண்டுமானால் வினையையே மாற்றிப் போட வேண்டும். "இஸ் சீன்", "வாஸ் ஹெர்ட்" எல்லாம் அப்படி வந்தவை. "சீம்", "அப்பியர்", "லுக்", "சவுண்ட்" ஆகியவை நம்முடைய தெரி, தோன்று மாதிரியானவை. அவற்றில் பொருள் ஏற்கெனவே எழுவாயாக இருக்கிறது, திருப்பிப் போட எதுவும் மிச்சமில்லை. "இட் சீம்ஸ்" என்றாலே போதும் என்று நண்பரிடம் சொல்லுங்கள்.

இப்படிப் பார்த்தால், பார்வையைப் பற்றிய வினைகளில் ஆங்கிலம் பாஸிவை நாடுவது சோம்பேறித்தனத்தால் அல்ல என்பது புரியும். உங்கள் அறிக்கையின் அந்தப் பத்தி புதிய நேர அட்டவணையைப் பற்றியது. அது எப்போது வந்தது, எதை மாற்றியது, எப்படிப் பார்க்கப்படுகிறது என்று தொடர்ந்து போகும்போது, மூன்றாவது வாக்கியத்தில் மட்டும் "பீப்பிள்" என்று புதிதாக ஒருவரை முன்னால் கொண்டுவந்தால் வாசிப்பவரின் கவனம் இடறும். பாஸிவ் அந்தப் பத்தியின் பொருளை எழுவாய் இடத்திலேயே வைத்துக் காப்பாற்றுகிறது. பாஸிவ் கூடாது என்பவர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல்லைத் துணைக்கு அழைப்பார்கள். 1946இல் வெளிவந்த கட்டுரை ஒன்றில், ஆக்டிவ் (செய்வினை) இயலும் இடத்தில் பாஸிவைப் பயன்படுத்தாதே என்று அவர் சொன்னது உண்மைதான். அதே பட்டியலின் கடைசி விதி, அப்பட்டமாக விகாரமான ஒன்றை எழுதுவதைவிட இந்த விதிகளை மீறிவிடு என்கிறது. அதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

அப்படியானால் மேலாளரை உறுத்தியது எது? யாருடைய கண் என்ற கேள்விதான்.

ஆய்வகக் குறிப்பில் "எ சேஞ்ச் இன் கலர் வாஸ் அப்ஸர்வ்டு" என்று எழுதுகிறார்கள். நீலம் சிவப்பானதை அங்கே யார் நின்று பார்த்திருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பார். பார்த்தவரின் பெயரால் கூடுதலாக எதுவும் தெரியப்போவதில்லை. "அன்ஃபேர்" அப்படிப்பட்டதல்ல. காலையில் வேலைக்குப் போகிறவருக்கு அநியாயமாகப் படுவது, வீட்டில் இருப்பவருக்கு வசதியாக இருக்கலாம். கண்ணுக்குக் கண் மாறுகிற ஒன்றைச் சொல்லும்போது அந்தக் கண் யாருடையது என்று சொல்லாமல் விட்டால், ஒரு சிலரின் கருத்து ஊரார் கருத்தாகிவிடுகிறது. "பீப்பிள் சீ" என்று மாற்றினாலும் இந்தக் குறை அப்படியே இருக்கிறது, ஆக்டிவ் என்ற பெயர் மட்டும் கிடைக்கிறது. இலக்கணத் திருத்திக்கு வினையின் வடிவம்தான் தெரியும். அந்த வினைக்குப் பின்னால் ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பது எழுதுகிறவரின் பொறுப்பு.

கூட்டக் குறிப்புகளில் வரும் "இட் வாஸ் ஃபெல்ட் தட்" எனக்குக் கோபம் வரவழைக்கும் ஒரு தொடர். கூட்டத்தில் இருவர் எதிர்த்து, ஒருவர் பேசாமல் இருந்து, தலைவர் மட்டும் "இதை இன்னும் ஆராய வேண்டும்" என்று சொல்லியிருப்பார். குறிப்பில் அது "உணரப்பட்டது" என்று வந்துவிடும். எதிர்த்த இருவரும் எதிர்க்கவே இல்லை என்றாகிவிடும். இங்கே மறைந்துபோனது ஒரு பெயர் மட்டும் இல்லை, ஒரு கருத்து வேறுபாடே மறைந்துபோகிறது.

"ஆஸ்", "டு பி" பற்றி. இரண்டும் ஒன்றல்ல. "ஹீ இஸ் சீன் ஆஸ் ஹானஸ்ட்" என்றால் அவரை நேர்மையானவராகப் பார்க்கிறார்கள். அவர் நேர்மையானவர்தானா என்பதற்கு எழுதியவர் பொறுப்பேற்கவில்லை. "டு" வரும்போது பார்வை நிகழ்ச்சியின் பக்கம் சாய்கிறது. "தே சா ஹிம் லீவ்" என்பதைத் திருப்பிப் போட்டால் "ஹீ வாஸ் சீன் டு லீவ்". ஆக்டிவில் இல்லாத "டு" பாஸிவில் வந்து ஒட்டிக்கொள்ளும், நம்மில் பலர் தவறவிடுவது இதைத்தான். பொருள் தெளிவு: அவர் கிளம்பியதைப் பார்த்த கண் உண்டு. "சீன் லீவிங்" என்றால் கிளம்பிக்கொண்டிருக்கும்போது கண்ணில் பட்டார்.

"சீன் டு பி" எவ்வளவு கனம் தாங்கும் என்பதற்கு இங்கிலாந்தின் ஒரு தீர்ப்பைச் சொல்ல வேண்டும். 1923இல் சசெக்ஸில் ஒரு மோட்டார் சைக்கிள்காரரை விபத்து வழக்கில் குற்றவாளி என்று மாஜிஸ்திரேட்டுகள் தீர்த்தார்கள். அவர்கள் ஆலோசிக்க உள்ளே போனபோது நீதிமன்ற எழுத்தரும் கூடவே போனார். அதே விபத்துக்காக இழப்பீடு கேட்டவரின் வழக்கறிஞர் நிறுவனத்தைச் சேர்ந்தவர் அந்த எழுத்தர். அவரிடம் எதையும் கேட்காமல்தான் முடிவெடுத்தோம் என்று மாஜிஸ்திரேட்டுகள் உறுதி கூறினார்கள். தலைமை நீதிபதி ஹெவார்ட் பிரபு அதை ஏற்றுக்கொண்டே தண்டனைத் தீர்ப்பை ரத்து செய்தார். நீதி வழங்கப்பட்டால் மட்டும் போதாது, அது வழங்கப்படுவது ஐயத்துக்கு இடமின்றி வெளிப்படையாகக் காணப்படவும் வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். ஆங்கிலத்தில் "பி சீன் டு பி டன்", பாஸிவுக்குள் பாஸிவ். யாரால் காணப்பட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அந்த வெற்றிடம்தான் வாக்கியத்தின் பலம். வாதி, பிரதிவாதி, வழியே போகிறவர் என்று எந்தக் கண் வந்து பார்த்தாலும் தெரிய வேண்டும். "பீப்பிள் ஷுட் சீ" என்று அதைத் திருத்திப் பாருங்கள், உயிர் போய்விடும்.

இன்று இதே தொடர் அடியோடு மாறிய பொருளிலும் புழங்குகிறது. "வீ மஸ்ட் பி சீன் டு பி டூயிங் சம்திங்" என்றால், செய்கிறோமோ இல்லையோ, செய்வதாகத் தெரிய வேண்டும். ஆகவே உங்கள் அறிக்கையில் "சீன் டு பி" வரும் இடங்களில் எந்தப் பொருளில் என்று நின்று பார்த்துவிடுங்கள். வெறும் கருத்து என்றால் "ஆஸ்" பத்திரமானது.

இந்தக் குடும்பத்தில் எல்லாச் சொல்லும் ஒரே அளவு பொறுப்பேற்பதில்லை. "இஸ் நோன் டு பி" என்றால் எழுதியவரும் அதை உண்மை என்று ஒப்புக்கொள்கிறார். "இஸ் பிலீவ்டு டு பி" என்றால் ஒரு அடி தள்ளி நிற்கிறார். "இஸ் ரூமர்டு டு பி" என்றால் பத்தடி தள்ளி. "இஸ் அலீஜ்டு டு" குற்றம் நிரூபணமாகும் முன் ஒருவருடைய மானத்தைக் காக்கிற சொல், செய்தியில் அதை விட்டுவிடக் கூடாது. குற்றம் சாட்டியது போலீஸ் என்று தெரிந்தால் போலீஸ் என்றே எழுதிவிடுவது இன்னும் நேர்மை.

உங்கள் வாக்கியத்துக்கு வருகிறேன். விடைகள் உங்கள் மேசையில் இருக்கின்றன, யார் சொன்னார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். பாஸிவை அப்படியே வைத்துக்கொண்டு கண்ணை மட்டும் சேருங்கள்: "தி நியூ டைமிங்ஸ் ஆர் சீன் ஆஸ் அன்ஃபேர் பை தோஸ் ஹூ வொர்க் மார்னிங் ஷிஃப்ட்ஸ்." காலை ஷிஃப்டுக்காரர்கள் என்று நான் ஊகித்துப் போட்டேன். அந்த இடத்தில் யார் வர வேண்டும் என்பதை உங்கள் படிவங்களைப் பார்த்து நிரப்புங்கள். பலதரப்பட்டவர்களும் அப்படியே சொல்லியிருந்தால், எத்தனை பேரில் எத்தனை பேர் என்று எண்ணைக் கொடுத்துவிடலாம். மேலாளர் அப்போதும் பாஸிவ் என்று அடித்தால், "பை"க்குப் பின்னால் இருப்பவர்களைக் காட்டுங்கள்.