எட்டாவதில் நின்றவள் பத்தாவது எழுதலாமா?

கேள்வி: கேரளத்தில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கிராமம். வயது 39. தமிழ் மீடியத்தில் எட்டாவது வரை படித்தேன். பால் சொசைட்டியில் இரண்டு வேளையும் பால் அளந்து கணக்கு எழுதுகிறேன். பாதியில் நின்ற பெரியவர்கள் பத்தாவதுக்குச் சமமான தேர்வு எழுதப் படிக்கும் துல்யதா கிளாஸில் சேர்ந்து நாலு ஞாயிறு போனேன். வீட்டில் புரிகிற பாடம் அங்கே உட்கார்ந்ததும் மறந்துபோகிறது. சார் மலையாளத்தில் கேட்டால் வாயே வருவதில்லை. மகளும் இந்த வருஷம் பத்தாவது. நமக்கு ஒத்துவராது என்று நின்றுவிடலாமா?

பதில்: நிற்க வேண்டாம். மறதிக்கு வயதுதான் காரணமென்றால் வீட்டிலும் மறந்திருக்க வேண்டுமே? சொசைட்டியில் நீங்கள் எழுதியதுதான் கணக்கு. நாலு பேர் உங்களைக் கேட்டுத்தான் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் உட்கார்ந்ததும் எட்டாவதில் நின்றுபோன அந்தச் சின்னப் பெண்ணாகிவிடுகிறீர்கள். தன் குடும்பத்தையே நடத்துகிற ஆள்கூட வகுப்பறைக்குள் வந்ததும் வாத்தியார் சொல்லட்டும் என்று காத்திருப்பார் என்பதை, முதியோர் கல்வியில் பெயர் பெற்ற அமெரிக்கர் மால்கம் நோல்ஸ் அப்போதே எழுதியிருக்கிறார்.

இதில் பாதித் தப்பு வகுப்பெடுக்கிற எங்களைப் போன்றவர்களுடையது. முதல் நாள் வகுப்பில் ‘எதுவரை படிச்சீங்க?’ என்று வரிசையாகக் கேட்பேன். ஒவ்வொரு தலையாகக் குனியும். அப்புறம் ‘என்ன வேலை பார்க்கிறீங்க?’ என்று மாற்றிக் கேட்டேன். பேச்சை நிறுத்துவதுதான் கஷ்டமாகிவிட்டது.

1995-ல் கிளாட் ஸ்டீல், ஜோஷுவா ஆரன்சன் என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். ‘இது உங்கள் திறமையை அளக்கும் தேர்வு’ என்று சொல்லிக் கொடுத்தபோது கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் இறங்கியது. அதே கேள்விகளை வேறு காரணம் சொல்லிக் கொடுத்தபோது அவ்வளவு இறங்கவில்லை. ‘உங்க ஆட்களுக்கு இது வராது’ என்ற ஊர்ப்பேச்சு காதில் ஓடும்போது, கவனத்தில் பாதி அதற்கே போய்விடுகிறது. இந்த விளைவு எவ்வளவு பெரிது என்பதில் பிற்பாடு சர்ச்சை வந்தது. ஆனாலும், வாயைத் திறந்தால், தமிழரைக் கேலியாகச் சொல்கிற ‘பாண்டி’ என்ற பேரைச் சொல்லி யாராவது சிரிப்பார்களோ என்று பயந்து உட்கார்ந்திருப்பது உங்களுக்கே தெரியும்.

அதனால் முதல் வேலை மொழி. பத்தாம் துல்யதாவைத் தமிழ் மீடியத்திலும் எழுதலாம். விண்ணப்பத்தில் எந்த மீடியம் போட்டிருக்கிறது என்று இந்த வகுப்புகளைக் கவனிக்கிற பஞ்சாயத்துப் பிரேரக்கிடம் நாளைக்கே கேளுங்கள். வகுப்பில் தமிழிலேயே பதில் சொல்லுங்கள். உங்கள் சித்தூர்த் தாலுகாவில் தமிழ் புரியாத வாத்தியார் அபூர்வம்.

அடுத்தது கணக்கு. பாலின் அடர்த்தி காட்டும் லாக்டோமீட்டர் டிகிரியை நாலால் வகுத்து, ஃபேட்டை (கொழுப்பு) ஒரு எண்ணால் பெருக்கி, இரண்டோடும் ஒரு சின்ன எண்ணையும் கூட்டி எஸ்.என்.எஃப். (கொழுப்பு தவிர்த்த திடப்பொருள்) எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இப்போது மெஷினே சொல்லிவிடுகிறது, அது வேறு. ஆனால் டிகிரிக்குப் பதில் எக்ஸ், ஃபேட்டுக்குப் பதில் ஒய் என்று எழுதினால் அதுதான் இயற்கணிதம். ஃபேட் 4.2-க்கும் 4.02-க்கும் எத்தனை ரூபாய் வித்தியாசம் என்று உங்களுக்குத் தெரிகிற அளவுக்கு உங்கள் மகளுக்குத் தெரியாது. சொசைட்டி நோட்டை வகுப்புக்கு எடுத்துப்போங்கள்.

96 வயதில் எழுத்தறிவுத் தேர்வில் 98 மார்க் வாங்கிய ஆலப்புழை கார்த்தியாயினி அம்மாவை எல்லோரும் உங்களுக்கு உதாரணம் காட்டுவார்கள். 2018-ல் நடந்தது, பெரிய விஷயம்தான். ஆனால் அவர் பள்ளிக்கூடமே போகாதவர். பாதியில் நின்றவர்களுக்கு இருக்கிற கூச்சம் வேறு மாதிரி. அவரோடு உங்களை ஒப்பிட்டுப் பார்க்கவே வேண்டாம்.

கடைசியாக மகள். அவள் மலையாள மீடியம் என்றால் தமிழ் எழுத்து தடுமாறும். ராத்திரி அரை மணி நேரம் அவள் உங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித் தரட்டும், நீங்கள் அவளுக்கு அ, ஆ எழுதக் கற்றுக்கொடுங்கள். யார் எழுத்து கோணல் என்று சண்டை வந்தால் வரட்டும்.