எலும்பு வலிக்கு ஹார்மோன் ஊசி: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கேன்சர் வார்டுல ரொம்ப வருஷம் நர்ஸா இருந்தவ நான். டோஸ் மட்டும் என்கிட்ட கேக்காதீங்க, அது உங்க டாக்டர் வேலை.

கேள்வி: அக்கா, அப்பாவுக்கு ப்ராஸ்டேட் கேன்சர், இடுப்பெலும்புக்கு பரவிடுச்சு. வலின்னு போனா ஹார்மோன் ஊசிங்கறாங்க, வலிக்கும் ஹார்மோனுக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: தம்பி, அந்த கேன்சருக்கு தீனியே டெஸ்டோஸ்டிரோன்ங்கற ஆண் ஹார்மோன்தான், தீனிய நிறுத்துனா கட்டி சுருங்கும், எலும்பு வலியும் எறங்கும். 1941லயே சிகாகோல சார்லஸ் ஹக்கின்ஸ்ங்கற டாக்டர் அந்த ஹார்மோன் சுரக்கற விதைய (விரைய) எடுத்தா நோய் அடங்குதுன்னு காட்டினாரு, 1966ல நோபலும் வாங்கினாரு. வலி மாத்திரையும் கூடவே ஓடட்டும்.

கேள்வி: ஊசி போட்டு அஞ்சு நாள், வலி முன்னவிட ஜாஸ்தி. தப்பான ஊசியா?

பதில்: எல்லாரும் பயப்படுற எடம் இதுதான். லூப்ரோலைட், கோசரலின் ஊசியெல்லாம் மொதல்ல ஹார்மோன ஏத்திவிட்டுதான் அப்புறம் எறக்கும், அதனால மொத ஒண்ணு ரெண்டு வாரம் வலி கூடலாம். அத அடக்கத்தான் பைகலூடமைட் மாத்திரை சில வாரம் குடுப்பாங்க, உங்க சீட்டுல இருக்கான்னு பாருங்க, இல்லன்னா இன்னிக்கே டாக்டர்ட்ட பேசுங்க. ஆனா கால் மரத்துப்போச்சு, நடை தள்ளாடுது, ஒண்ணுக்கு வரலன்னா அது வேற, தண்டுவடம் நசுங்குதுன்னு அர்த்தம், ராத்திரி ரெண்டு மணின்னாலும் எமர்ஜென்சிக்கு தூக்கிட்டு ஓடுங்க. "ஊசி சூடு, சரியாயிடும்"னு மூணு நாள் வீட்லயே வச்சிருந்து கூட்டிட்டு வந்தாங்க ஒருத்தர, அவர் அப்புறம் நடக்கவே இல்ல.

கேள்வி: மாசாமாசம் ஊசிக்கு காசில்லக்கா. விதைய எடுத்துடலாம்ங்கறாங்க, எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம், சின்ன ஆபரேஷன்தான். ஒரு நாளுக்குள்ளயே ஹார்மோன் விழுந்துடும், ஊசி மாதிரி மொதல்ல ஏறாது. ஆனா எடுத்தா எடுத்ததுதான், அப்பா மனசு ஒப்பணும், நீங்களா முடிவு பண்ணாதீங்க.

கேள்வி: அம்மாவுக்கு மார்பக கேன்சர், லெட்ரோசோல் சாப்பிடுறாங்க. ஒடம்பெல்லாம் வலிங்கறாங்க, எலும்புக்கு போயிடுச்சா?

பதில்: அது பெண் ஹார்மோன கொறைக்கிற மாத்திரை, அதுவே மூட்டு வலி குடுக்கும்மா. காலைல விரல் மடங்காது, நடமாடினா கொஞ்சம் விடும். ஒரே எடத்துல குடையுது, ராத்திரி படுத்தா கூடுதுன்னா ஸ்கேன் எடுக்கணும். மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க.

கேள்வி: ஊசில ஒரு வருஷம் நல்லா இருந்தாரு, இப்ப திரும்ப முதுகு வலி.

பதில்: ஹார்மோன் கொறைஞ்சாலும் வளர கேன்சர் பழகிக்கும், அதான். அபிராடெரோன் மாதிரி அடுத்த மருந்துங்க இருக்கு. ஒரே எடத்து வலின்னா ஒரே ஒரு சிட்டிங் ரேடியேஷன்லயே நெறய பேருக்கு கொறைஞ்சிருக்கு. எலும்பு பலத்துக்கு ஜோலெட்ரோனிக் ஆசிட்ங்கற ஊசி போடுறதா சொன்னா மொதல்ல பல்லு டாக்டர்ட்ட காட்டுங்க, அந்த ஊசிக்கப்புறம் பல்லு புடுங்கினா தாடையில புண்ணு ஆறாம நிக்கலாம். ஆட்டம் கண்ட பல்லு இருந்தா மொதல்லயே புடுங்கிட்டு, புண்ணு ஆறினப்புறம் ஊசி.