மதுரைல இருந்துக்கிட்டு தேசிய இயக்க வரலாற்றுல பிஎச்டி பண்ண என்ன தகுதி வேணும், பணம் எங்கருந்து வரும்?

கேள்வி கேட்ட தம்பி எம்.ஏ. வரலாறு 58 சதவீதம், தமிழ் மீடியம், சொந்த ஊர் உசிலம்பட்டி பக்கம், அப்பா விவசாயம், 1920ல போலீஸ் துப்பாக்கிச்சூடு நடந்த பெருங்காமநல்லூர் பத்தி ஆராய்ச்சி பண்ணணும் ஆனா வீட்ல இருந்து காசு வாங்க முடியாதுன்னு எழுதியிருக்காரு. நானும் அந்தப் பக்கத்துப் பொண்ணுதான், தேசிய இயக்க வரலாற்றுலதான் பிஎச்டி முடிச்சேன், அதனால தம்பிக்கு அக்காவா பதில் சொல்றேன்.

தகுதி பத்தி பயப்பட ஒண்ணுமில்ல. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிப்படி எம்.ஏ.ல 55 சதவீதம் போதும், எஸ்சி, எஸ்டி, கிரீமி லேயர் இல்லாத ஓபிசி, மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீதம் தளர்வு இருக்கு. எம்.பில். இப்ப கிடையாது, அதைத் தேடி அலையாதீங்க. குறைஞ்சது 3 வருஷம், அதிகபட்சம் 6 வருஷம், அதுக்கு மேல ரீ-ரெஜிஸ்டர் பண்ணா இன்னும் 2, பொண்ணுங்களுக்கு அதுக்கும் மேல 2.

பணம்தான் பெரிய விஷயம். தம்பி, முதல்ல நெட் (தேசியத் தகுதித் தேர்வு) எழுதுங்க, அதுல நல்ல மார்க் எடுத்தா கிடைக்கிற ஜேஆர்எஃப்ங்கிற ஆராய்ச்சி உதவித்தொகையை வாங்க முழு முயற்சி போடுங்க, அப்புறம் ரெஜிஸ்டர் பண்ணுங்க. நான் தலைகீழா பண்ணேன். சீட் கிடைச்ச சந்தோஷத்துல சேந்துட்டேன், கைல ஒத்தை ரூபா ஃபெலோஷிப் இல்ல, ஒரு தனியார் காலேஜ்ல கிளாஸ் எடுக்கப் போனேன், சம்பளம் ரெண்டு மூணு மாசம் சேத்துதான் குடுப்பாங்க, காலைல போனா சாயங்காலம்தான் வீடு, அப்புறம் எங்கிட்டு உக்காந்து படிக்கிறது, எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டிய வேலையை ஒன்றரை வருஷம் தள்ளித் தள்ளிப் போட்டேன். ஜேஆர்எஃப் அப்புறமா வந்துச்சு, ஆனா தீசிஸ் சப்மிட் பண்ணதும் அது நின்னுரும்ல, அதனால தாமதமா வாங்குறவங்களுக்கு அனுபவிக்கிற மாசம் குறைவு. அந்த ஒன்றரை வருஷத்தை நினைச்சா இன்னைக்கும் மனசு கஷ்டமா இருக்கு, அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

ஜேஆர்எஃப்னா முதல் 2 வருஷம் மாசம் 37,000, அப்புறம் ஒரு கமிட்டி உங்க வேலையைப் பாத்து எஸ்ஆர்எஃப் (சீனியர் ஃபெலோ) ஆக்குனா 42,000, மொத்தம் 5 வருஷம் வரைக்கும். ஹாஸ்டல் இல்லைன்னா வீட்டு வாடகைப்படி தனி. கன்டின்ஜென்சின்னு ஆராய்ச்சிச் செலவுக்கு முதல் 2 வருஷம் வருஷத்துக்கு 10,000, அப்புறம் 20,500, சென்னைக்குப் போயி தங்கி ஃபைல் பாக்குறது, ஜெராக்ஸ் எல்லாம் அதுல ஓடும். மாசா மாசம் காலேஜ்லயோ யுனிவர்சிட்டிலயோ மேக்கர் (பதிவு பண்றவரு), செக்கர் (சரிபாக்குறவரு)னு ரெண்டு பேரு ஆன்லைன்ல உறுதி பண்ணாத்தான் பணம் ஏறும், ஒருத்தர் லீவுன்னா அந்த மாசம் தொங்கிரும், கூச்சப்படாம போயி நினைவுபடுத்துங்க.

வயசு வரம்பு 30, ஓபிசி, எஸ்சி, எஸ்டி, பொண்ணுங்களுக்கெல்லாம் 35. டிஎன்சி (சீர்மரபினர்) சர்டிபிகேட் இருக்குன்னு எழுதியிருக்கீங்க, அது மட்டும் இதுக்கு ஆகாது தம்பி, மத்திய அரசு ஃபார்மட்ல ஓபிசி சர்டிபிகேட் தனியா வாங்கணும், இப்பவே போட்டு வைங்க.

நெட்ல வரலாறு பேப்பர் இங்கிலீஷ், ஹிந்தில மட்டும்தான் வரும். தமிழ் மீடியம் பிள்ளைக நிறைய பேரு விஷயம் தெரிஞ்சும் கேள்வி புரியாம மார்க் விடுறாங்க, எனக்கு இதுல ரொம்ப ஆதங்கம். பழைய கேள்வித்தாளைத் தினம் கொஞ்சம் இங்கிலீஷ்லயே படிச்சுப் பழகுங்க. நெகட்டிவ் மார்க் கிடையாது, 150 கேள்வியும் போட்டுட்டு வாங்க. ஜேஆர்எஃப் வரலைன்னாலும் அந்த மார்க் பிஎச்டி அட்மிஷனுக்கு 1 வருஷம் செல்லும், அது 70 சதவீதம், இன்டர்வியூ 30. தமிழ்நாடு செட் (மாநிலத் தகுதித் தேர்வு) பாஸ் பண்ணா லெக்சரர் தகுதி வரும், ஃபெலோஷிப் வராது, ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

ஜேஆர்எஃப் கிடைக்கலைன்னா ஐசிஎச்ஆர் (இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகம்), ஐசிஎஸ்எஸ்ஆர் (இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம்) ரெண்டும் டாக்டரல் ஃபெலோஷிப் குடுக்குது, வரலாறுக்கு முதல்ல ஐசிஎச்ஆர் பாருங்க. நம்ம மாநிலத்துல முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைக்கு டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) பரீட்சை வைக்குது, அந்த அறிவிப்பையும் விடாம பாருங்க.

கைடு விஷயத்துல ரெண்டு கேளுங்க. எத்தனை இடம் காலின்னு ஒண்ணு (புரொபசர்னா 8 பேரு, அசோசியேட்னா 6, அசிஸ்டென்ட்னா 4, அதுக்கு மேல எடுக்க முடியாது), எப்ப ரிட்டயர்டுன்னு இன்னொண்ணு, ஏன்னா ரிட்டயர்டாக 3 வருஷத்துக்கும் கீழ இருந்தா புது ஆளை எடுக்கக் கூடாது. கேக்க சங்கடமாத்தான் இருக்கும், கேட்டுருங்க. நாகமலை புதுக்கோட்டைல காமராசர் யுனிவர்சிட்டி மட்டும்தான்னு நிக்காம காந்திகிராமப் பல்கலைக்கழகத்துலயும் போயி விசாரிங்க.

பெருங்காமநல்லூர் நல்ல தலைப்பு. 1920 ஏப்ரல் 3, சில சாதிகளையே பிறப்பால குற்றவாளின்னு முத்திரை குத்துன குற்றப் பரம்பரைச் சட்டத்துல கைரேகை வைக்க மாட்டோம்னு நின்ன சனங்க மேல போலீஸ் சுட்டுச்சு, மாயக்காளோட சேத்து 16 பேரு செத்தாங்க. அந்தச் சட்டத்துல மாட்டுன சனங்களுக்காக கோர்ட்ல நின்ன வக்கீல் ஜார்ஜ் ஜோசப்பை நம்ம பெருசுக ரோசாப்பூ துரைன்னுதான் சொல்லுவாங்க. ஆனா சினாப்சிஸ்ல (ஆராய்ச்சித் திட்டச் சுருக்கத்துல) வெறுமனே சம்பவத்தை எழுதாதீங்க, இன்டர்வியூல முதக் கேள்வியே இதுல புதுசா என்ன சொல்லப் போறீங்கன்னுதான் வரும். ஷோத்கங்கான்னு ஒரு வெப்சைட்ல ஏற்கனவே வந்த தீசிஸ் எல்லாம் இலவசமாக் கிடக்கு, அதைப் படிச்சா எது மிச்சமிருக்குன்னு தெரியும். தமுக்கத்துக்கிட்ட காந்தி மியூசியம் லைப்ரரிலயும் நத்தம் ரோட்டுல கலைஞர் நூலகத்துலயும் ஒரு மாசம் உக்காருங்க. பெருங்காமநல்லூர்ல வயசானவங்க வாய்வழியாக் கேட்டது எதையாவது சொன்னா இப்பவே ரெக்கார்ட் பண்ணி வச்சுக்கோங்க, அவங்க சம்மதத்தோட. அதுக்கு அட்மிஷன் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல.