டீமேக்கரின் மூக்கு

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் கோத்தகிரி பக்கம். அப்பாவுக்கு 56 வயது. முப்பத்தொரு வருடம் ஒரு தேயிலை பேக்டரியில், இலை தூளாகும் வேலை முழுவதையும் பார்த்துக்கொள்ளும் டீமேக்கராக இருந்தார். போன வருடம் அங்கே புது மிஷின்கள் வந்தன. இலை வாட்டுவதிலிருந்து டிரையர் சூடு வரை எல்லாம் திரையில் தெரிகிறது. தூளில் கிடக்கும் குச்சியையும் நாரையும் கேமரா வைத்த கலர் சார்ட்டரே பிரித்துவிடுகிறது. ஷிப்டுக்கு ஒரு டீமேக்கர் தேவையில்லை என்று கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு பையனை வைத்துக்கொண்டு அப்பாவை நிறுத்திவிட்டார்கள். இப்போது தானே தூள் வாங்கிக் கலந்து, பாக்கெட் போட்டு, போனிலேயே விற்கப்போகிறேன் என்கிறார். பி.எஃப். பணம் முழுவதையும் இதில் போடத் தயார். யுபிஐயில் பணம் அனுப்பவே என்னைக் கூப்பிடுகிறவர் அவர். இந்த வயதில் இது வேண்டுமா? நான் தடுத்தால் தவறா?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் பெரியப்பா நினைவுக்கு வந்தார். ஊட்டி இந்து நகர் பிலிம் பேக்டரியில் வேலை பார்த்தவர். ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960-ல் தொடங்கப்பட்டு, 1967-ல் உற்பத்திக்கு வந்த நிறுவனம். பிலிமில் வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்பதால் இருட்டிலேயே வேலை நடக்கும். கண்ணை நம்பாமல் விரல் நுனியால் பிலிமின் பக்கத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் பெரியப்பா. டிஜிட்டல் கேமரா வந்தது. பிலிமுக்கு ஆள் இல்லாமல் போயிற்று. விருப்ப ஓய்வில் கிடைத்த பணத்தை அப்படியே கொண்டுபோய் ஒரு ஸ்டுடியோவில் போட்டார். பிலிம் ரோல் கழுவிப் படம் போட்டுக் கொடுக்கும் கடை. மூன்று வருடம்கூட நிற்கவில்லை. அதற்குப் பிறகு அவர் யாரிடமும் அதிகம் பேசியதில்லை.

அவர் கடையைக் கெடுத்தது அவருடைய வயது என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நான் அப்போதும் அதை ஏற்கவில்லை. எந்த மாற்றம் அவருடைய வேலையை எடுத்துக்கொண்டதோ, அதே மாற்றம் தின்றுகொண்டிருந்த தொழிலிலேயே பணத்தைப் போட்டார். அவருடைய விரல்களுக்குத் தெரிந்த வித்தைக்கு வெளியே வாங்குவார் இல்லை.

உங்கள் அப்பாவின் நிலை அதுவல்ல. கலர் சார்ட்டர் குச்சியைப் பிரிக்கும். நொதித்துக்கொண்டிருக்கும் இலையில் பச்சை வாசம் போய்ப் பழவாசம் ஏறும் நேரத்தை மூக்கால் பிடிப்பவருக்கு, எந்தத் தூளோடு எதைக் கலந்தால் நிறமும் திடமும் சேரும் என்பது நாக்கிலேயே இருக்கும். பேக்டரிக்கு அது ஒவ்வொரு ஷிப்டிலும் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். குடிக்கிறவர்களுக்கு இன்னும் தேவைப்படுகிறது.

வயதைப் பற்றிய பயம் உங்களுக்கு வேண்டாம். அமெரிக்காவில் 2020-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, மிக வேகமாக வளர்ந்த நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45 என்று கண்டது. முப்பது வயதுக்காரரைவிட ஐம்பது வயதுக்காரர் வெற்றி பெறும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதே துறையில் வேலை பார்த்த அனுபவம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்த நாட்டுக் கணக்கை நம் மலைக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் அனுபவம் பற்றிய அந்தச் செய்தி உங்கள் வீட்டுக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

முன்பெல்லாம் ஊட்டி சேரிங் கிராசில் ஒரு கடை பிடிக்க அட்வான்ஸே ஓர் ஆயுள் சேமிப்பைக் கேட்கும். இன்று வாட்ஸ்அப், ஒரு க்யூஆர் அட்டை, தபால் பார்சல் போதும். வேலை பறிபோன ஒருவர் ‘நானே தொடங்குகிறேன்’ என்று சொல்ல முடிவது இதனால்தான். பறித்த கையே கொடுக்கவும் செய்கிறது. ஆனால் தொடங்குவது எளிதானதால் பணத்தைக் கரைப்பதும் எளிதாகிவிட்டது. எனக்குப் பயம் பி.எஃப். பணத்தைப் பற்றித்தான்.

அதைத் தொட விடாதீர்கள். இதில் மட்டும் நீங்கள் கண்டிப்பாக இருங்கள். பி.எஃப்.போடு சேர்ந்த பென்ஷனையும் இப்போதே கேட்டு வாங்க வேண்டாம். 58 வயதில் குறைவில்லாமல் கிடைக்கும். முன்கூட்டிக் கேட்டால் 58-க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் வெட்டுவார்கள். இன்னும் இரண்டு வருடம்தானே. அந்த இரண்டு வருடத்தைச் சிறிய அளவில், இருபது முப்பது கிலோவில், தெரிந்தவர்களுக்கு விற்றுப் பார்க்கும் காலமாக வைத்துக்கொள்ளட்டும். கையில் பிடிமானம் இருக்கும்போதுதான் அது அவர் விரும்பி எடுத்த முடிவாக இருக்கும். இல்லாவிட்டால் இன்னொரு முறை தள்ளப்பட்டதாகிவிடும்.

சிறு தொழில்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இணையதளம் எதுவானாலும் போலி. உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண், நிகர எடை, பாக்கெட் போட்ட மாதம், விலை ஆகியவை பாக்கெட்டில் இருக்க வேண்டும். ஓடிபி கேட்டு யார் பேசினாலும் போனை வைத்துவிடச் சொல்லுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும்.

இன்னொன்று. அவருக்காக நீங்களே போனைக் கையில் வைத்து நடத்தாதீர்கள். அப்படிச் செய்தால் இவ்வளவு காலம் முதலாளியிடம் வேலை பார்த்தவர் இனி உங்களிடம் வேலை பார்ப்பவராகிவிடுவார். எழுத்து பொடியாகத் தெரிந்தால் பெரிதாக்கிக் கொடுங்கள், போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றிக் கொடுங்கள். தட்டச்சு வராவிட்டால் பேசி அனுப்பட்டும். இந்தத் தூள் எந்த மாதத்து இலை, பால் ஊற்றலாமா, எத்தனை நிமிடம் ஊறவேண்டும் என்று ஒரு டீமேக்கரின் குரலிலேயே கேட்டு வாங்குவது எந்தப் பெரிய கம்பெனி பாக்கெட்டிலும் கிடைக்காது. ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்பார். அலுக்காமல் சொல்லுங்கள். சின்ன வயதில் நீங்கள் கேட்டதற்கெல்லாம் அவர் சொல்லியிருப்பார்.

டிசம்பர், ஜனவரியில் பனி விழும் நாட்களில் பறிக்கும் இலையின் தூளுக்குத் தனி வாசம் உண்டு. அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பனிக்காலத்தில் அவர் கலந்து போடும் முதல் பாக்கெட்டுகளில் கால் கிலோ எனக்கு வேண்டும். க்யூஆர் படத்தை நீங்கள் அனுப்ப வேண்டாம், அவரே அனுப்பட்டும்.

அன்புடன்.