ரசம் சூப் அல்ல

கேள்வி: ஜெர்மனியில் ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிக்கிறேன். அவர்களுக்கு ஒரு நாள் சோறு, ரசம், உருளைக்கிழங்குப் பொரியல் செய்துபோட ஆசை. ரசத்தை 'இந்தியன் சூப்' என்று சொல்லிவிடலாமா? காரத்தை எவ்வளவு குறைப்பது?
- வாசகி, ஹாம்பர்க்

பதில்: காரம் இருக்கட்டும். அந்த 'சூப்' என்ற சொல்லை முதலில் கீழே போடுங்கள். ஏற்கெனவே ஒரு முறை ரசத்தை சூப் ஆக்கிப் பறிகொடுத்திருக்கிறோம். மதராஸில் இருந்த ஆங்கிலேயர்களுக்குச் சாப்பாடு சூப்பில் தொடங்க வேண்டும். நம் வீடுகளில் அந்த வழக்கமே கிடையாது. சமையற்காரர்கள் மிளகுத் தண்ணீரை எடுத்து, இறைச்சியும் எலும்புச் சாறும் சேர்த்துக் கெட்டியாக்கிக் கொடுத்தார்கள். அது கப்பலேறி, மிளகுத் தண்ணீர் என்ற பெயரும் திரிந்து, 'மல்லிகடானி' என்ற சூப் ஆனது. டப்பாவில் அடைத்துக்கூட விற்றார்கள். ஆப்பிள் போடுகிறவர்களும் உண்டு! கறிப்பொடி முன்னால் வந்து மிளகு பின்னால் போய்விட்டது. பெயரில் மட்டும் தமிழ் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மெனு கார்டில் ரசத்தை 'பெப்பர் சூப்' என்று அச்சடிக்கும் ஹோட்டல்காரர்களோடு நான் வருடக்கணக்காக மல்லுக்கட்டுவது இதனால்தான். உங்கள் வீட்டுக்காரர்கள் புளிக்கவைத்த முட்டைக்கோஸான சவர்க்ராட்டை 'ஜெர்மன் ஊறுகாய்' என்று சொல்லியா பரிமாறினார்கள்? சவர்க்ராட் என்றார்கள், நீங்கள் கற்றுக்கொண்டீர்கள். 'ரசம்' மூன்றே எழுத்து. அவர்களும் கற்றுக்கொள்வார்கள்.

சரி, சமையலுக்கு வருவோம். யாருக்காவது ஒவ்வாமை உண்டா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். கடுகு, எள், பால், கோதுமை எல்லாமே ஐரோப்பிய ஒன்றியத்தின் 14 ஒவ்வாமைப் பொருட்கள் பட்டியலில் இருப்பவை. தாளிப்பில் கடுகு இருக்கிறது, நல்லெண்ணெய் என்றால் எள், நெய் என்றால் பால். பெருங்காயத்தூளில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். கோதுமை சேராதவர் வீட்டில் இருந்தால் ஒரு சிட்டிகைகூட வேண்டாம்.

காரத்துக்கு வருகிறேன். மிளகாயைக் குறையுங்கள், மிளகில் கை வைக்காதீர்கள். மிளகாய் போர்ச்சுக்கீசியர் வந்த பிறகு நுழைந்தது. மிளகு அதற்கு முன்பே நம் அடுப்படியில் இருந்தது.

பல ஜெர்மன் வீடுகளில் இரவுக்கு ரொட்டி, சீஸ்தான். அதனால் ஞாயிறு மதியம் வையுங்கள். தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து, சமையலறைக் கதவைச் சாத்திவிடுங்கள், இல்லையென்றால் ஸ்மோக் அலாரம் அலறும். நெய்யை ஊரிலிருந்து கொடுத்தனுப்பச் சொல்லாதீர்கள். இங்கிருந்து போகிற பயணிகள் பால் பொருட்களை அங்கே கொண்டுபோகத் தடை இருக்கிறது. அங்கேயே வெண்ணெய் வாங்கி உருக்குங்கள்.

அப்புறம், ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றி முதலில் வைத்துவிடாதீர்கள், நீங்கள் என்ன பெயர் சொன்னாலும் அது சூப்பாகிவிடும். சோற்றில் ஊற்றி, பிசைந்து காட்டுங்கள். குடிக்கக் கேட்டால் தம்ளரில் கொடுங்கள்.